0.10239796 என்று எழுதினால் ஏன் மதிப்பெண் போனது?

முதலாண்டு மாணவன்:
பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். ஆக்சாலிக் அமிலத்தை வைத்துப் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டியை (கரைசலின் செறிவை) கண்டுபிடிக்கும் சோதனை. அமிலத்தை 1.5812 கிராம் எடுத்து 250 மி.லி.க்குக் கரைத்தேன், அதன் செறிவு 0.10035 நார்மல் வந்தது. பிப்பெட்டில் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) அமிலம் 20 மி.லி., பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாய்) பெர்மாங்கனேட் மூன்று முறையும் 19.6 மி.லி. 0.10035 × 20 ÷ 19.6 என்று போட்டு, கால்குலேட்டர் காட்டிய 0.10239796-ஐ அப்படியே எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டார். பக்கத்து மேசை நண்பன் 0.10 என்று எழுதினான். அவனுக்கும் அதே சிவப்பு வட்டம்! 20-இல் இரண்டு முக்கிய எண்ணுருக்கள் (அளவீட்டில் பொருளுள்ள இலக்கங்கள்) தான், விடையிலும் அதற்கு மேல் கூடாது என்பது அவன் வாதம். பாடத்தில் படித்த விதிப்படி அவன் சொல்வது சரிதானே? ஆசிரியர் போட்ட விடை 0.1024. அது எங்கிருந்து வந்தது?

பழைய ஆய்வகக்காரர்:
தம்பி, விதியைக் குறை சொல்லாதே. 20 என்று எழுதிய கையைத்தான் குறை சொல்ல வேண்டும். பிப்பெட்டின் கழுத்தில் ஒரு கோடு இருக்கிறதல்லவா? நல்ல தரமான 'ஏ' வகுப்புப் பிப்பெட் என்றால் அந்தக் கோடு 0.03 மி.லி.க்கு மேல் பிசகாது. அதனால் அது 20.00. நான்கு எண்ணுருக்கள். உன் நண்பன் இரண்டு பூஜ்யங்களைத் தின்றுவிட்டான்.

பியூரெட்டுக்கு வருவோம். கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கின்றன. இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் மதிப்பிட்டு இன்னொரு இலக்கம் எழுத வேண்டும். சரியாகக் கோட்டிலேயே நின்றால் 19.60. அந்தக் கடைசி இலக்கம் சந்தேகத்துக்குரியதுதான், ஆனால் வெறும் கற்பனை அல்ல. பெர்மாங்கனேட்டில் பிறைத்தளத்தின் (குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பு) அடிப்பகுதி தெரியாது, ஊதா நிறம் மறைத்துவிடும். ஆகவே மேல் விளிம்பைப் பார். தொடக்கத்திலும் முடிவிலும் அதே விளிம்பு என்றால் பிழை கழிந்துபோகும். தொடக்கத்தில் மேலே, முடிவில் கீழே என்று பார்த்தால் தொலைந்தாய்.

இப்போது கணக்கு. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிற்க வேண்டும் என்று நீ காத்திருக்கும்போது கை தவறி ஒரு சொட்டு கூடினால் 19.60-இல் 0.26 சதவீதம். பிப்பெட் 0.15 சதவீதம். 250 மி.லி. குடுவை 0.06. தராசு 0.0002 கிராம் தவறினாலும் 0.01 சதவீதம்தான், அதை விட்டுவிடு. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடு: சுமார் 0.3 சதவீதம். 0.1024-இல் அது 0.0003. ஆக விடை 0.1024 ± 0.0003. நான்காவது இலக்கமே ஆடுகிறது. நீ எட்டாவது வரை போயிருக்கிறாய். எங்கள் காலத்து மடக்கை அட்டவணையில் நான்கு இலக்கங்கள்தான், இந்த வம்பே வராது.

மருந்துத் தரக்கட்டுப்பாடு:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இலக்கங்களைச் சுருக்கி முழுமையாக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள். 0.10035-ஐ இடையிலேயே 0.100 என்று சுருக்கினால் விடை 0.1020 ஆகிவிடும். கண்ணாடிக் கருவிகள் தரும் பிழை 0.0003, நாமே உண்டாக்கிய பிழை 0.0004! எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். இன்னொன்று: ஒரு லிட்டருக்கு 1000 மி.லி. என்பது வரையறை. அதில் எண்ணுரு எண்ண வேண்டாம்.

முதலாண்டு மாணவன்:
நன்றி ஐயா. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று முறையும் 19.6 வரவில்லை. 19.60, 19.50, 19.65 வந்தன. ஒத்த மதிப்பு இல்லாவிட்டால் திரும்பச் செய்யச் சொல்வார்கள் என்று பயந்து, குறிப்பேட்டில் மூன்றையும் 19.6 ஆக்கிவிட்டேன்.

பழைய ஆய்வகக்காரர்:
அதைச் சொன்னாயே, அது போதும். சராசரி 19.58. விடை 0.1025 ஆகிறது. ± 0.0003-க்குள்தான் இருக்கிறது பார். நீ அழித்த அந்த 19.50-தான் உன் கை எவ்வளவு ஆடுகிறது என்று காட்டிய ஒரே எண். நாளை அதே பிப்பெட்டால் ஐந்து முறை காய்ச்சி வடித்த நீரை எடுத்து, மூடிய சிறு குடுவையில் விட்டு எடைபோடு. 30 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி மி.லி.க்கு 0.9957 கிராம்; எடையை அதனால் வகுத்தால் பிப்பெட் உண்மையில் விட்ட மி.லி. தெரியும். ஐந்து எடைகளையும் அழிக்காமல் இங்கே போடு.