பாரசீகத்தை (இன்றைய ஈரான்) ஆண்ட சஃபவி அரசு வீழ அந்தப்புரச் சிறைதான் காரணமா?

ஏடுதேடி:
ஷா அப்பாஸை (1587–1629) மாமன்னர் என்று கொண்டாடுகிறோம். இஸ்ஃபஹானைத் தலைநகராக்கி அழகுபடுத்தினார், 1622-ல் ஹோர்முஸ் தீவிலிருந்து போர்த்துகீசியரை விரட்டினார், மறுக்கவில்லை. ஆனால் சஃபவி வம்சத்துக்குக் குழி தோண்டியவரும் அவர்தான். 1615-ல் மூத்த மகன் சஃபி மிர்சாவை ஆள் வைத்துக் கொன்றார். பிறகு இன்னும் இரண்டு மகன்களின் கண்களைப் பறித்தார். பேரன்களை அந்தப்புரத்தை விட்டு வெளியே விடவில்லை. அதற்கு முன்பெல்லாம் இளவரசன் சின்ன வயதிலேயே ஏதாவது ஒரு மாகாணத்துக்கு ஆளுநராகப் போவான். லாலா எனப்படும் கிசில்பாஷ் (துருக்கியப் படைக்குலங்கள்) தலைவர் பாதுகாவலராக இருந்து போரும் நிர்வாகமும் பழக்குவார். அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டார். அதன் பலன்தான் 1722-ன் வீழ்ச்சி. பெண்கள் கையில் வளர்ந்த ஷா சுல்தான் ஹுசைன், ஆப்கானியத் தலைவன் மஹ்மூதின் தலைப்பாகையில் தன் கையாலேயே அரச இறகைச் செருகிவிட்டு நின்றார்.

நிலாமுற்றம்:
"பெண்கள் கையில் வளர்ந்த" என்பதை ஏற்கமாட்டேன். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள் எல்லாப் பழியையும் அந்தப்புரத்தின் மேல் போட்டார்கள், நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். ஷா தஹ்மாஸ்ப் 1576-ல் இறந்தபோது அடுத்த அரசர் யார் என்ற சிக்கலில் காய் நகர்த்தியது அவர் மகள் பரி கான் கானும் என்ற இளவரசி. தம்பி ஹைதரை ஆதரித்தவர்களைத் தோற்கடித்து, இருபது வருடம் போலக் கஹ்கஹா கோட்டையில் கிடந்த இஸ்மாயிலுக்கு அரியணை வாங்கிக் கொடுத்தார். அவரும் அந்தப்புரத்தில் வளர்ந்தவர்தானே? ஷா அப்பாஸின் அத்தை ஜெய்னப் பேகமும் அப்படித்தான். அவருடைய ஆலோசனையை அப்பாஸே கேட்டு நடந்தார்.

லாலா முறை ஏன் ஒழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெராத்தில் குழந்தை அப்பாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஷாம்லு, உஸ்தாஜ்லு என்ற கிசில்பாஷ் குலங்கள் அடித்துக்கொண்டன. கடைசியில் உஸ்தாஜ்லு தலைவர் முர்ஷித் குலி கான் அந்தப் பதினாறு வயதுப் பையனை அன்றைய தலைநகர் கஸ்வீனுக்குக் கூட்டிவந்து, தந்தை உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டினார். தந்தையைக் கவிழ்த்து அரசரான ஒருவர் தன் மகன்களை மாகாணங்களுக்கு அனுப்புவாரா?

கடைசிபெஞ்ச்:
இங்கே மொகலாயர்களையும் பாருங்கள். ஷாஜகான் தன் நான்கு மகன்களையும் படையோடு வெளியே அனுப்பினார். 1657-ல் அவர் நோயில் விழுந்ததும் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அடைத்து வைத்தாலும் ரத்தம், திறந்து விட்டாலும் ரத்தம்.

ஏடுதேடி:
ஆனால் அந்தச் சண்டையில் ஜெயித்தவருக்குப் படை நடத்தத் தெரிந்திருந்தது. 1666-ல் பட்டமேற்ற ஷா சுலைமானை எடுத்துக்கொள்ளுங்கள். அரசராக்க அழைத்தபோது, மகனின் கண்ணைப் பறிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தாய் நடுங்கினாராம். அப்போது பாரசீகத்தில் பழகிய பிரெஞ்சு நகை வியாபாரி ஷார்தான் எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தில் வளர்ந்த ஒருவன் எப்படி ஆள்வான்? நோயும் பஞ்சமும் வந்ததும், முதல் முடிசூட்டு நேரம் சரியில்லை என்று சோதிடர்கள் சொல்ல, 1668-ல் பெயரையே மாற்றி மறுபடி முடிசூட்டிக்கொண்டார்.

பரி கான் கானும் பற்றி: அவருடைய தாய்மாமன் ஷம்கால் சுல்தான் செர்க்கேசியப் படைத்தலைவர். சுவருக்கு வெளியே அவருக்கு ஆள்பலம் இருந்தது. பிந்தைய இளவரசர்களுக்கு யார் இருந்தார்கள்?

நிலாமுற்றம்:
அப்படியானால் இரண்டாம் அப்பாஸை என்ன செய்வீர்கள்? அவரும் அந்தப்புரத்தில் வளர்ந்தவர், 1642-ல் அரியணை ஏறும்போது சின்னப் பையன். ஆரம்பத்தில் தாய் அன்னா கானுமும் தலைமை வசீர் சாரு தகியும் சேர்ந்துதான் அரசை நடத்தினார்கள். சாரு தகி காயடிக்கப்பட்டவர் என்பதால் உள்ளே போய் அரசியிடம் நேரடியாகப் பேச முடிந்தது. அந்தப் பையன்தான் 1649-ல் மொகலாயரிடமிருந்து கந்தஹாரை மீட்டார். ஔரங்கசீப் இரண்டு தடவை, தாரா ஷுக்கோ ஒரு தடவை முற்றுகையிட்டும் கோட்டை திரும்பக் கிடைக்கவில்லை. உங்கள் கணக்கில் இவர் எங்கே வருகிறார்?

1639-ல் துருக்கியரோடு ஸுஹாப் அமைதி உடன்படிக்கை ஆனபின் படைக்குச் செலவு செய்ய யாருக்கும் மனமில்லை. மாகாணங்களை ஒவ்வொன்றாக அரசரின் சொந்தச் சொத்தாக மாற்றினார்கள். வருமானம் கருவூலத்துக்கு வந்தது, ஆனால் அங்கே படை வைத்திருந்த ஆளுநர்கள் போய்விட்டார்கள். 1720-ல் தலைமை வசீர் ஃபத் அலி கானைச் சதி செய்து குருடாக்கியதில் முன்னால் நின்றவர்கள் முல்லாபாஷி எனப்படும் தலைமை மதகுருவும் அரண்மனை மருத்துவரும். இருவருமே ஆண்கள். படை நடத்திக்கொண்டிருந்த அந்த வசீரின் உறவினர் லுத்ஃப் அலி கானின் பதவியும் அதோடு போனது.

ஏடுதேடி:
அந்தச் சதியை நம்பியவர் யார்? அரண்மனைக்கு வெளியே ஒரு மனிதரைக்கூடச் சொந்தமாக எடைபோட்டுப் பழகாத அரசர். இஸ்ஃபஹான் முற்றுகையில் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது சுல்தான் ஹுசைனின் மகன் தஹ்மாஸ்ப் தப்பி கஸ்வீனுக்குப் போனான், படை திரட்டத்தான். ஒன்றும் திரட்ட முடியவில்லை. பிறகு படைத்தளபதி நாதிர் கையில் சிக்கினான், 1732-ல் நாதிரே அவனை இறக்கிவிட்டார்.

நிலாமுற்றம்:
திரட்ட யார் மிச்சமிருந்தார்கள்? சஃபவிகளுக்குக் கட்டுப்பட்ட ஜார்ஜிய அரசர் வக்தாங், காக்கசஸ் மலைவாழ் லெஸ்கியரை ஒடுக்கப் படையோடு கிளம்பியபோது, அவர் பலமாகிவிடுவார் என்று பயந்து நிறுத்தச் சொன்னது இதே அரசவை. அடுத்த வருடம் தலைநகரைக் காக்க வரச்சொன்னபோது அவர் வரவில்லை. மாகாணங்களில் வளர்ந்த இளவரசன் ஒருவன் இருந்திருந்தாலும் இந்தக் கோபத்தை ஆற்றியிருக்க முடியாது.