'காற்று' என்று சொல்லும்போது நாக்கு தொடும் இடம்

கொக்குவில், ஒரு தாய்:

மகளுக்கு இப்போது பதினைந்து வயது. பதினோரு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டோம், பதின்மூன்றில் கழற்றினோம். எட்டே மாதத்தில் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் இடையில் பழைய இடைவெளி திரும்பி வந்துவிட்டது. கடைவாயை இறுக்கிக் கடித்தாலும் முன்னால் ஒரு பென்சில் நுழையும். பாண் துண்டைக் கடித்தால் அறுபடாது. கையால் இழுத்துத்தான் பிய்ப்பாள். பாடசாலையில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அந்த இரண்டு வருடச் செலவையும், அவள் பட்ட வலியையும் நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கம்பி போட்ட இடத்தில் ஒருவர்கூட அவளுடைய நாக்கைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் இரண்டாவதாகப் போன பல் வைத்தியர். ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, கீழுதட்டைப் பெருவிரலால் மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொன்னார். பல் இடைவெளிக்குள்ளால் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. நானும் குனிந்து பார்த்தேன். பதின்மூன்று வருடம் சோறூட்டி வளர்த்த எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

கைக்குழந்தைகள் எல்லாம் நாக்கை முன்னுக்குத் தள்ளித்தான் விழுங்குமாம். வளர வளர நாக்கு மேலண்ணத்துக்கு ஏறிவிடும். இவளுக்கு ஏறவில்லை. விழுங்கும் கணத்தைவிட மற்ற நேரமெல்லாம் நாக்கு கிடக்கும் இடம்தான் பல்லை அதிகம் நகர்த்தும் என்றும் அவர் சொன்னார். இரவும் பகலும் பல்லுக்கு நடுவில் நாக்கு கிடந்தால் எந்தக் கம்பிதான் நிற்கும்?

ஆனால் உடனே நாக்குப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. "இரவில் வாய் திறந்து தூங்குவாளா?" என்று கேட்டார். தலையணை நனைந்திருக்கும் என்றேன். முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போகச் சொன்னார். ஒவ்வாமையால் மூக்கின் உட்புறம் வீங்கியிருந்தது. மூக்குக்குள் அடிக்கும் மருந்து இரண்டு மாதம். மூச்சு வழி திறக்காத பிள்ளையிடம் "வாயை மூடு" என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன். அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

பிறகுதான் பேச்சுச் சிகிச்சையாளரிடம் வாய், முகத் தசைப் பயிற்சி. இதற்கு மயோஃபங்ஷனல் தெரபி என்று பெயர். ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அமெரிக்கப் பல் வைத்தியர் அல்ஃபிரட் ரொஜர்ஸ் 1918இலேயே முகத்தசைப் பயிற்சி பற்றி எழுதியிருக்கிறார்.

நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்க வேண்டும். மகளுக்கு அந்த இடம் பிடிபடவே இல்லை. நுனி பல்லிலேயே போய் முட்டும். வீட்டில் அம்மப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர்தான், "காற்று என்று சொல்லு பிள்ளை. நடுவில் அப்படியே நிறுத்து" என்றார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் 'ற்ற' சொல்லும்போது நாக்கு நுனி சரியாக அந்த மேட்டில்தான் ஒட்டும். த, ந பல்லடியில், ற, ன அதற்கு மேலே, ட, ண இன்னும் உள்ளே என்று இலக்கண வகுப்பே நடத்தினார். "காற்று, நெற்றி, வெற்றி" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

பயிற்சி பார்ப்பதற்குச் சின்ன விடயம். கம்பிக்குப் போடும் சிறிய ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து, அந்த மேட்டில் அழுத்தி, கடைவாயைக் கடித்து, உதட்டை விரித்தபடி எச்சிலை விழுங்க வேண்டும். முதல் வாரம் முழுதும் வளையம் நழுவிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. முகம் சிவந்து, நாடி சுருங்கி, கழுத்து நரம்பு புடைக்கும். சரியாக விழுங்கினால் உதடும் நாடியும் அசையவே கூடாது. மூன்றாம் வாரம் ஒரு மாலையில் வளையம் அங்கேயே நின்றது, நாடி அசையவில்லை. அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசவில்லை.

காலை ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம், பதினொரு மாதம். பரீட்சைக் காலத்தில் இரண்டு வாரம் விட்டதும் நாக்கு பழைய இடத்துக்குப் போனது. இப்போது மறுபடி கம்பி போட்டிருக்கிறோம், இடைவெளி குறைந்து வருகிறது. பயிற்சி ஒன்றே பல்லை நேராக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாவகச்சேரி, 52 வயது:

தங்கை எழுதியதைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது. ஒரு காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாயால் ஒழுகியது. பக்கவாதம் என்று மனைவி கதறிவிட்டார். வைத்தியசாலையில் முதலில் புருவத்தை உயர்த்தச் சொன்னார்கள். இடது நெற்றி சுருங்கவில்லை. மூளையில் வரும் பக்கவாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி அசையுமாம். என்னுடையது முகநரம்பு வாதம். அந்த நரம்பை 1821இல் விவரித்த சார்ள்ஸ் பெல்லின் பெயரால் பெல்ஸ் பால்சி என்கிறார்கள். ஸ்டீரொயிட் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன் என்றார்கள். எண்ணெய் பூசிப் பார்க்கலாம் என்று வீட்டிலே இருந்திருந்தால் அந்த நேரம் போயிருக்கும்.

ஊரில் எல்லோரும் பலூன் ஊது, சுவிங்கம் மெல்லு என்றார்கள். இயன்மருத்துவர் இரண்டையும் தடுத்தார். பலம் கொடுத்து இழுத்தால் நரம்பு மீளும்போது தவறான தசையோடு சேர்ந்துவிடும், பிறகு சிரித்தால் கண் மூடும் என்று விளக்கினார். கண்ணாடி முன் மெல்ல, மிக மெல்ல, ஓர் அசைவு. வலப்பக்கம் முந்திக்கொண்டு இழுத்தால் விரலால் தடுக்க வேண்டும். இரவில் கண்ணுக்கு மருந்திட்டு இமையை மூடி ஒட்டினேன். நான்கு மாதத்தில் தேநீர் சிந்தாமல் குடித்தேன். 'ப', 'ம' தெளிவாக வர இன்னும் இரண்டு மாதம்.

பருத்தித்துறை:

என் கணவருக்குக் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். தூக்கத்தில் காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் முகமூடி இயந்திரத்தோடு நாக்கு, தொண்டைப் பயிற்சியும் சொன்னார்கள். பெரியவர்களில் இந்த மூச்சுத் தடைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாக 2015இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. அதைக் கேட்டு அவர் இயந்திரத்தை மூலையில் வைக்கப் பார்த்தார். வைத்தியர் விடவில்லை, நானும் விடவில்லை.

மானிப்பாய்:

கொக்குவில் அக்கா, என் மகனுக்கு ஐந்து வயது. விரல் சூப்புகிறான், முன்பல் தொடவில்லை. இப்போதே பயிற்சி தொடங்கலாமா?

கொக்குவில், ஒரு தாய்:

தங்கை, முதலில் அவன் தூங்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். வாய் திறந்திருந்தால், குறட்டை கேட்டால் மூக்கையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினொயிட் சதையையும் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு நாக்கை எழும்ப விடாமல் கட்டிப் பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். விரலை அடித்து எடுக்காதீர்கள். நிரந்தரப் பல் முளைக்கும் முன்பு விரலை விட்டால் இடைவெளி பல பிள்ளைகளில் தானாகவே மூடும் என்று எங்கள் பல் வைத்தியர் சொன்னார். ரப்பர் வளையப் பயிற்சி இந்த வயதுக்கு வேண்டாம், விழுங்கிவிடுவான்.