ஆட்டின் கழுத்தில் தொங்கும் ‘அதர்’: சொல்விளக்கம் வேண்டுகிறேன்

மதிப்புக்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

சில ஆடுகளின் தொண்டைக்குக் கீழே, மயிர் மூடிய இரண்டு சிறு சதைத் தொங்கல்கள் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பூவரசங்குழை கட்டி ஆடு வளர்க்கும் எங்கள் யாழ்ப்பாணத்து வளவுகளில் இவற்றுக்கு வழங்கும் பேச்சுப் பெயரையும், அகராதிகள் இவ்வுறுப்புக்குத் தரும் ‘அதர்’ என்னும் சொல்லின் பிறப்பையும் அறிய விரும்புகிறேன்.

மாட்டின் ‘அலைதாடி’ வேறு. அது கழுத்தின் நீளத்துக்குத் தொங்கும் தோல் மடிப்பு என்பதால், அலையும் தாடி என்று பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. அதருக்கு அந்த வசதி இல்லை. சங்க இலக்கியத்தில் ‘அதர்’ பெரும்பாலும் வழியையே குறிக்கிறது. வழிக்கும் ஆட்டின் கழுத்துக்கும் என்ன உறவு, அல்லது இவை ஒலியால் மட்டும் ஒன்றிய இரு வேறு சொற்களா? வடமொழியார் இதனை ஆட்டின் கழுத்து முலை என்னும் பொருளில் ‘அஜாகலஸ்தனம்’ என்றழைத்து, பால் சுரக்காத அதனைப் பயனற்ற பொருளுக்கு உவமையாக்கினர். (ஆட்டுக்குச் சற்றுக் கொடுமைதான்.)

மானிப்பாய் அகராதி எனப்படும் 1842ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்திருப்போர் ‘அதர்’ பதிவைப் பார்த்துச் சொன்னால் பேருதவியாகும். தீவகத்திலோ வன்னியிலோ ஆடு வளர்ப்போர் வேறு பெயர் வழங்கினால், ஊர்ப்பெயருடன் அதனையும் தெரிவியுங்கள்.