மெலீனாவுக்குத் தமிழ்: கருமலமா, கீல்மலமா, தார்மலமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கும் ஆஸ்பிரினைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஓர் அறிவுரைத் தாள் தயாராகிறது. 'மெலீனா' (வயிற்றுப் பகுதியில் இரத்தம் கசிந்து மலம் கருப்பாகப் போவது) என்ற சொல்லில் வேலை நிற்கிறது. கிரேக்க மூலத்துக்குக் கருப்பு என்று பொருள். அப்படியே 'கருமலம்' என்று வைத்தால் சுருக்கம், யாருக்கும் விளங்கும். மறுப்பு உண்டா? மலத்தின் மற்ற நிறமாற்றங்களுக்கும் கையோடு சொல் முடிவானால் நல்லது.

மறுமொழி 1

> யாருக்கும் விளங்கும்

ஐயா, இடறலே அங்கேதான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பு; 180 நாள் சாப்பிட வேண்டும். உடலில் சேராமல் வெளியேறும் இரும்புதான் அந்தக் கருப்பு. 'கருமலம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வரவும்' என்று அச்சிட்டால் ஒருத்தி பயந்து மாத்திரையை நிறுத்துவாள். இன்னொருத்தி மாத்திரைக் கருப்பு என்று பழகிப்போய், உண்மையான இரத்தக்கசிவையும் கவனிக்காமல் விட்டுவிடுவாள். இரண்டாவதுதான் ஆபத்து. பிஸ்மத் கலந்த வயிற்று மருந்தும் இப்படியே. குடலில் கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும், நாக்குகூடக் கறுக்கும்.

மெலீனாவைத் தனித்துக் காட்டுவது பதமும் நாற்றமும். உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் முற்பகுதி ஆகிய இடங்களில் கசியும் இரத்தம் பல மணி நேரம் குடலில் தங்கி இறங்குகிறது. அதற்குள் ஹீமோகுளோபின் சிதைந்து ஹெமட்டின் போன்ற கரும்பொருள்களாகிறது. 50 முதல் 100 மி.லி. இரத்தமே இதற்குப் போதும். மலம் பளபளவென்று பிசுபிசுக்கும், கோப்பையில் அப்பிக்கொள்ளும், நாற்றம் குடலைப் பிடுங்கும். இரும்பு மாத்திரை மலமோ கரும்பச்சை. உருவத்தோடு, ஒட்டாமல், வழக்கமான நாற்றத்தோடு வரும். ஆகவே ஒட்டும் குணம் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். கீல் என்றால் தார் போன்ற ஒட்டுப்பொருள்; 'கீல்மலம்' என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி 2

கீல் வேண்டாம். படகுக்குப் பூசும் கீலை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? மருத்துவத்தில் கீல் என்றாலே கீல்வாதம்தான் நினைவுக்கு வரும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்கி இரைப்பையைப் புண்ணாக்கிக்கொண்டவர்களும் இந்தத் தாளைப் படிப்பார்கள். 'கீல்மலம்' என்றால் அதையும் மூட்டு நோயில் சேர்த்துவிடுவார்கள்.

'தார்மலம்' என்போம். தார் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான், இருக்கட்டும். தார் ரோடு போடாத ஊர் இல்லை. தார் போன்ற மலம் என விரியும் உவமைத்தொகை, ஒற்று மிகும் தொல்லையும் கிடையாது. வாழைத்தாரோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மறுமொழி 3

காரணத்தையும் சேர்த்து 'குருதிக்கருமலம்' என்றால் என்ன? பிறந்த குழந்தையின் முதல் மலமும் கருப்பாகப் பிசுபிசுக்கிறதே, இரத்தம் இல்லாமலே.

மறுமொழி 1

அதற்குக் காட்டுப்பீ என்று தனிப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அறிகுறிக்கு வைக்கும் பெயரில் தீர்ப்பை எழுதிவிடக் கூடாது என்பது என் எண்ணம். கண்ணால் பார்ப்பதைப் பெயர் சொல்லட்டும், இரத்தமா என்பதைச் சோதனை சொல்லட்டும். அதோடு, மேற்குடலில் இரத்தம் மடைதிறந்தாற்போல் கொட்டினால் கறுக்க நேரமில்லாமல் சிவப்பாகவே வரும். மூக்கில் ஒழுகிய இரத்தத்தை விழுங்கினால், குடலில் புண்ணே இல்லாமல் தார்மலம் வரும். கீலை விட்டுவிட்டேன், தார்மலத்துக்கு என் வாக்கு.

தாளில் சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'தார்மலம்: ரோட்டுத் தார்போலக் கருத்து, ஒட்டி, கடுமையாக நாறும் மலம். தலைசுற்றல், மயக்கம், படபடப்பு சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்' என்று பக்கத்திலேயே இருக்கட்டும். கசிவு நின்ற பிறகும் சில நாள் கருப்பு தொடரலாம் என்பதையும் சேருங்கள்.

மறுமொழி 2

மற்றவை. சிவப்பு இரத்தம் தெரிந்தால் 'குருதிமலம்'. பீட்ரூட் தின்ற மறுநாள் வரும் சிவப்பு இதில் சேராது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் 'மறைகுருதி'. மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினைத் தேடும் மறைகுருதிச் சோதனை பெருங்குடல் கசிவுக்கே ஏற்றது. மேலே கசிந்தால் குளோபின் வழியிலேயே செரித்துவிடும்.

பித்தநீர் குடலுக்கு வராததால் களிமண் நிறத்தில் போவதை 'வெளிறுமலம்' எனலாம். மலத்தின் பழுப்பே பித்தநீரிலிருந்து வரும் ஸ்டெர்கோபிலின் என்ற நிறமிதானே. ஆனால் 'பித்தமின்மை' என்று விளக்கம் எழுதாதீர்கள். தலைசுற்றினாலும் வாந்தி வந்தாலும் பித்தம் என்கிற நாடு இது. பித்தநீர் என்றே எழுதுங்கள். கல்லோ கணையக் கட்டியோ பித்தநீர்க் குழாயை அடைக்கலாம். பச்சிளங்குழந்தைக்கு வெளிறுமலம் வந்தால் தனிப்பெட்டி கட்டி அச்சிட வேண்டும். பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்குப் பித்தநீர் குடலுக்கு இறங்க வழி செய்யும் கசாய் அறுவை 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூடுதல்.

கொழுப்பு செரிக்காமல் போவது 'கொழுப்புமலம்'. நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு உண்ணும்போது 7 கிராமுக்கு மேல் மலத்தில் போனால் இதில் அடங்கும். 'மிதமலம்' என்றும் ஒரு யோசனை வந்தது. கூடாது, வாயு சேர்ந்தாலே மலம் மிதக்கும்.

மறுமொழி 3

பச்சைக்கு?

மறுமொழி 2

சொல் எதற்கு? கீரை தின்றாலும் பச்சை, வயிற்றோட்டத்தில் பித்தநீர் நிறம் மாற நேரமில்லாமல் இறங்கினாலும் பச்சை. 'பச்சையாகப் போகிறது' என்றாலே ஆயிற்று.