புதுப்பிப்பு: காலிக் கூடு வெளியே வராத 9 மி.மீ. பிஸ்டல்

சுட்ட தோட்டாவின் கூடு சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) தங்கிவிடுகிறது, அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

பலர் சொன்னபடி முதலில் சேம்பரைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சிக்கல் குறைந்தது, தீரவில்லை. வேறு நிறுவனத்தின் தோட்டாவிலும் அதே கதைதான். ஸ்லைடை (சுட்டதும் பின்னால் போய்வரும் மேற்பகுதி) முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்ன ஆலோசனையை ஏற்கவில்லை. கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கியின் வேலை, சந்தேகம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று உறுதிசெய்து, ஸ்லைடைத் தனியாகக் கழற்றினேன். மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கொக்கிக்கு அடியில் செருகி மெல்ல அசைத்தபோது உடனே நழுவி விழுந்தது. பிடி நன்றாக இருந்தால் அது அப்படியே நிற்கும். துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றினார்: அடியில் கரியும் பித்தளைத் துகளும் எண்ணெயோடு குழைந்து கல்லாகியிருந்தன. கொக்கியின் முனை உடையவில்லை. எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங் மட்டும் புதியதைவிடக் குட்டையாகத் தளர்ந்திருந்தது. அதை மாற்றினோம்.

சுடும்போது வாயு அழுத்தமே கூட்டைப் பின்னால் தள்ளுவதால், தளர்ந்த எக்ஸ்ட்ராக்டர் நெடுநாள் அகப்படாமல் இருக்கும். சேம்பர் அழுக்கானதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போது எல்லாக் கூடுகளும் வெளியேறுகின்றன. சில மட்டும் சோம்பலாகக் காலடியில் விழுகின்றன. அடுத்து, இழுத்த கூட்டைத் தட்டி வெளியே எறியும் எஜெக்டரைப் பார்க்கப்போகிறேன்.