ஊசல் சோதனையில் ஜி குறைவாக வருகிறது, அளவை அடித்துவிடலாமா?

கித்தாக்காடு டியூஷன்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 பிள்ளைகளின் தனி ஊசல் சோதனை. குண்டின் விட்டம் 2 செ.மீ. 20 அலைவுக்கு நேரம் எடுத்து ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) கணக்கிட்டால், நூல் 20 செ.மீ.க்கு 9.3, 40-க்கு 9.5, 60-க்கு 9.6, 100-க்கு 9.7 வருகிறது. முதல் இரண்டையும் அடித்துவிடலாம் என்கிறார்கள். விடலாமா?

ஊசல்குண்டு:
அடிக்க விடாதீங்க. கைத்தடுமாற்றம் என்றால் எண்கள் மேலும் கீழும் சிதறும். இங்கே நூல் குட்டையாகக் குட்டையாக விடையும் இறங்குது. நூலை மட்டும் அளந்திருப்பாங்க. குண்டின் மையம் வரை அளக்கணும். விட்டுப்போன 1 செ.மீ., 20-இல் 5 விழுக்காடு, 100-இல் வெறும் 1. அதைச் சேர்த்தால் 9.3 என்பது 9.77 ஆகும், 9.7 என்பது 9.80. நூல் நீளத்துக்கு எதிரே அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைந்து பாருங்க. கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் செங்குத்து அச்சை 0.04 பக்கத்தில் வெட்டும். சாய்விலிருந்து எடுக்கும் ஜி-க்குச் சேதமில்லை.

பேராக் டீச்சர்:
கணக்கு ஒத்துவந்ததும் நிறுத்திடாதீங்க ஐயா. 4 செ.மீ. விட்டக் குண்டு மாட்டினால் வெட்டு 0.08 ஆகணும். அந்த எண்ணை முதலில் நோட்டில் எழுதவச்சு, அப்புறம் அளக்கச் சொல்லுங்க. வரலைன்னா காரணம் வேற. நூலை ஸ்டாண்டில் சுற்றிக் கட்டினால் தொங்குமிடம் நழுவும். இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவே இறுக்கணும். 30 பாகை இழுத்துவிட்டால் ஜி மூன்றரை விழுக்காடு குறையும், 10-க்குள் வையுங்க. குண்டை விடும்போதே ‘ஒன்று’ என எண்ணினால் 19 அலைவுதான் ஆகும், ஜி 10.8-க்கு ஏறிடும். மின்விசிறியை அடைச்சிடுங்க. எதை மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

நிலநடுக்கோடு:
புத்தகத்தில் இருக்கும் 9.81-ஐத் துரத்தவும் வேண்டாம், இங்கே உண்மை மதிப்பே 9.78தான். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயானுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது, அங்கே ஜி குறைவு என்பதால். கயானும் சுங்கை சிப்புட் மாதிரி வடக்கே ஏறக்குறைய 5 பாகைதான். வெயிலில் ஊசல்தண்டு நீண்டிருக்குமோ என்பதையும் நியூட்டன் எடைபோட்டார். அது மட்டும் போதவில்லை. பூமி நடுவில் புடைத்திருக்கு என்ற முடிவுக்கு அந்தப் பின்தங்கல் ஆதாரமாச்சு.

ஆனால் பள்ளிக்கூட ஸ்டாப்வாட்சில் 9.78-ஐயும் 9.81-ஐயும் பிரிக்க முடியாது. 40 நொடியில் 0.2 நொடி தவறினாலே ஜி-யில் 1 விழுக்காடு போயிடும். விடையை 9.8, கூடக்குறைய 0.1 என்று எழுதச் சொல்லுங்க. பழைய அளவுகள் அட்டவணையில் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ‘குண்டின் ஆரம் சேர்க்கப்படவில்லை’ என்ற குறிப்போடு.