ரேடார் இருப்பு உணரியை நம்பும்படி சோதிப்பது எப்படி?

விளக்கடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படிப்பறையில் ஆள் இருக்கும்வரை விளக்கு எரிய வேண்டும், வெளியேறியதும் அணைய வேண்டும் என்பதற்காக 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருப்பு உணரி ஒன்றைச் சுவரில் பொருத்தியிருக்கிறேன். அது அடாப்டர் வழியாக மின்சாரம் எடுத்துக்கொண்டு, ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொடர்பு மூலம், வீட்டுக் கருவிகளை இயக்கும் மையக் கருவிக்குச் செய்தி அனுப்புகிறது. முன்பு அதே இடத்தில் இருந்தது அகச்சிவப்பு நகர்வு உணரி. உடல் வெப்பம் இடம் மாறினால் மட்டுமே அது விழித்துக்கொள்ளும் என்பதால், புத்தகம் படிக்கும்போது இருட்டில் கையை வீசி விளக்கை மீட்பதே என் வேலையாக இருந்தது.

புதிய உணரியை 10 முறை சோதித்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று, மேசை முன் அமர்ந்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தேன். ஒருமுறைகூட விளக்கு அணையவில்லை. மற்ற நான்கு அறைகளுக்கும் இதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்த வாரத்திலேயே கோளாறுகள் தலைகாட்டின. சாய்வு நாற்காலியில் படுத்தபடி படித்துக்கொண்டிருந்தபோது இருமுறை விளக்கு அணைந்தது. யாருமே இல்லாத அறையில் ஓர் இரவு முழுவதும் எரிந்தது. சில வேளைகளில் அறைக்குள் நுழைந்து மூன்று நான்கு நொடிகள் கழித்தே எரிகிறது.

ஆள் போனபின் 60 நொடி காத்திருந்து அணைக்குமாறு உணரியிலேயே அமைத்திருக்கிறேன். மேற்கூரையில் மின்விசிறி உண்டு. குறை உணரியிலா, நான் பொருத்திய விதத்திலா, சோதித்த விதத்திலா என்பதைப் பிரித்தறிய ஒரு முறை இருந்தால் சொல்லுங்கள்.

அலைநீளம் எழுதியது:

விளக்கடி அவர்களே, நீங்கள் கூறும் மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்; ஒரே சோதனையில் மூன்றும் பிடிபடாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பாக அந்த 60 நொடியை எடுத்துவிடுங்கள். அந்தக் காத்திருப்பு நேரம் விளக்குக்கு நல்லது, சோதனைக்குத் திரை. உணரி உங்களை 50 நொடி தவறவிட்டு மீண்டும் கண்டுபிடித்திருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். நீங்களும் அதை வெற்றி என்று குறித்திருப்பீர்கள். சோதனைக் காலத்தில் காத்திருப்பைக் கருவி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, விளக்கைப் பார்க்காமல் உணரியின் நிலை மாற்றங்களை மட்டும் பதிவு செய்யுங்கள். எத்தனை முறை தவறியது என்பதோடு, தவறிய இடைவெளிகளில் மிக நீண்டது எத்தனை நொடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் காத்திருப்பு நேரத்தை நிர்ணயிக்க வேண்டிய எண் அதுதான்; 60 என்று நாமாக ஒன்றை வைப்பது குருட்டுக் கணக்கு.

அடுத்து, 10 முறை தவறவில்லை என்பதன் மதிப்பு என்ன? n முறை சோதித்து ஒருமுறையும் தவறவில்லை எனில், உண்மையான தவறு விகிதம் 3/n வரை இருக்கக்கூடும் என்பது புள்ளியியலில் பழக்கமான ஓர் எளிய கணிப்பு. 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது அவ்வளவே. சோதனை எண்ணிக்கை 30க்குக் குறைந்தால் இந்தக் கணிப்பே சற்று மிகையாகிவிடும் என்றாலும், 10 முறைக்குச் சரியாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 26 விழுக்காடு வருகிறது. அதாவது, நான்கு முறைக்கு ஒருமுறை தவறும் உணரிகூட உங்கள் சோதனையில் தேறியிருக்கலாம். தவிர, பத்தும் ஒரே நாற்காலியில் ஒரே விதமாக அமர்ந்து செய்தவை.

சாய்வு நாற்காலியில் ஏன் தவறியது என்பதற்கு இயற்பியலில் காரணம் உண்டு. அசையாமல் இருப்பவரிடம் ரேடார் தேடுவது மூச்சினால் மார்பு முன்பின்னாக நகரும் சில மில்லிமீட்டர்களைத்தான். 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 மில்லிமீட்டர், எதிரொலி போய் வருவதால், மார்பு 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதன் கட்டம் (அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடம்; முழுச் சுழற்சி 360 பாகை) ஏறக்குறைய 58 பாகை மாறுகிறது. 60 கிகாஹெர்ட்ஸில் அதுவே 144 பாகை. ஆனால் கணக்கில் சேர்வது ரேடாரை நோக்கிய நகர்வு மட்டுமே. மேசை முன் நிமிர்ந்து அமர்ந்தால் மார்பு சுவரைப் பார்க்கிறது. சாய்ந்து படுத்தால் அது கூரையை நோக்கி ஏறி இறங்குகிறது, சுவரில் உள்ள உணரிக்கு அதில் சிறு பங்குதான் தெரியும். எனவே அமர்ந்து, சாய்ந்து, உணரிக்கு முதுகு காட்டி, போர்வைக்குள் படுத்து எனத் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 20 நிமிடமாவது சோதியுங்கள். ஐந்து நிமிடம் மிகக் குறைவு. அமர்ந்த புதிதில் நாம் அசைந்துகொண்டேதான் இருப்போம், உடல் அடங்குவது அதற்குப் பிறகே.

வெற்று அறைச் சோதனையைப் பலரும் செய்வதே இல்லை. உண்மையில் அதுதான் மிக எளிது, நீங்கள் அங்கே இருக்கவே வேண்டாம். முதல் இரவு மின்விசிறி நின்றிருக்க, அடுத்த இரவு ஓட, மூன்றாம் இரவு விசிறி நின்று சன்னல் திறந்து திரைச்சீலை ஆட. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விசிறிதான் காரணம் என்று தெரிந்தால், அது உணரியிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எல்டி2410 வகை ரேடார்கள் தூரத்தை 0.75 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நகர்வுக்கு ஒன்று, அசைவின்மைக்கு ஒன்று எனத் தனி வரம்பு (எதிரொலி எவ்வளவு வலுவாக இருந்தால் ஆள் என்று கொள்வது) வைக்க இடமளிக்கின்றன. விசிறி 2.5 மீட்டரில் இருந்தால் அது நான்காம் அடுக்கு. அங்கே வரம்பை உயர்த்தினால் விசிறி மறையும். கூடவே அதே தூரத்தில் அமர்ந்திருப்பவரும் மறைந்துவிடுவார். ஆகவே முதலில் உணரியைச் சற்றுக் கீழிறக்கி அதன் பார்வையைத் தாழ்த்திப் பாருங்கள். வரம்பைத் தொடுவது கடைசி வழி.

கம்பியிலி எழுதியது:

அலைநீளம் அவர்கள் ரேடாரைப் பற்றிச் சொல்லிவிட்டதால், நான் நுழையும்போது ஏற்படும் தாமதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உணரி உணர்ந்த கணமும், செய்தி மையக் கருவியை அடைந்த கணமும், விளக்கு எரிந்த கணமும் வேறு வேறு. மையக் கருவியின் பதிவேட்டில் தெரிவது இரண்டாவது மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ரேடாரைக் குறைசொல்வது, கடிதம் தாமதமாக வந்ததற்கு எழுதியவரைக் கடிந்துகொள்வது போன்றது.

பெரும்பாலான உணரிகளில் ஆளைக் கண்டதும் ஒளிரும் ஒரு சிறு விளக்கு இருக்கும். அதுவும், மையக் கருவியின் நிலையைக் காட்டும் திரையும், அறை விளக்கின் ஒளியும் ஒரே காட்சியில் தெரியுமாறு கைபேசியை நிறுத்தி ஒளிப்பதிவு செய்யுங்கள். நொடிக்கு 30 சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்துக்கு 33 மில்லிநொடி. சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தால் தாமதம் எந்த இடைவெளியில் நுழைகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்ற கவலையும் இதில் இல்லை.

சிறு விளக்கு உடனே ஒளிர்ந்து திரை தாமதித்தால் குறை வானொலி வழியில் உள்ளது. ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ரவுட்டர் எந்தத் தடத்தில் இருக்கிறது என்று பார்த்து, ஜிக்பீயை அதிலிருந்து விலக்கி வையுங்கள். வைஃபை 1ஆம் தடத்தில் இருக்க, ஜிக்பீ 11 முதல் 14 வரையிலான தடங்களில் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஜிக்பீ டாங்கிளை (மையக் கருவியில் செருகும் சிறு வானொலிக் குச்சியை) யுஎஸ்பி 3.0 துளையில் நேரடியாகச் செருகியிருந்தால், முதல் சந்தேகம் அதன்மீதே இருக்கட்டும். அந்தத் துளை 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கசியவிடும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வடம் போட்டுத் தள்ளிவைத்து, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

விளக்கடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. இந்த ஒரு வாரத்தில் கண்டதைப் பதிவு செய்கிறேன்.

காத்திருப்பை 5 நொடிக்கு இறக்கியதும் உணரியின் உண்மை முகம் தெரிந்தது. மேசை முன் 20 நிமிடத்தில் மூன்று தவறல்கள், மிக நீண்டது 11 நொடி. சாய்வு நாற்காலியில் ஒன்பது, மிக நீண்டது 74 நொடி. விளக்கு இருமுறை அணைந்ததன் காரணம் விளங்கிவிட்டது. நான் 10க்கு 10 என்று பெருமைப்பட்ட சோதனையிலும் இப்படிச் சில தவறல்கள் இருந்திருக்கும் என்பதை நினைத்தால் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

வெற்று அறையில் விசிறி நின்ற இரவில் பொய்த் தூண்டல் எதுவும் இல்லை. விசிறி ஓடிய இரவில் ஏறக்குறைய இடைவிடாமல் ஆள் இருப்பதாகவே காட்டியது. திரைச்சீலை ஆடிய இரவில் நான்கு முறை மட்டும். தாமதத்தைப் பொறுத்தவரை, ஒளிப்பதிவில் சிறு விளக்கு கதவைத் திறந்த அரை நொடிக்குள் ஒளிர்ந்துவிட்டது, திரைதான் தாமதித்தது. டாங்கிள் உண்மையிலேயே யுஎஸ்பி 3.0 துளையில்தான் இருந்தது. வடம் போட்டபின் 40 முறை நுழைந்து பார்த்ததில் ஒருமுறையும் ஒரு நொடியைத் தாண்டவில்லை.

உணரியை இப்போது சாய்வு நாற்காலியின் நேர் மேலே கூரைக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன். மூச்சு அதற்கு நன்றாகத் தெரியும் அல்லவா?

அலைநீளம் எழுதியது:

தெரியும். ஆனால் கூரையில் வைத்தால் விசிறியின் இறக்கைகள் பக்கவாட்டில் அருகிலேயே வந்துவிடும்; உணரியின் பார்வைக் கோணம் மையத்திலிருந்து இருபுறமும் 60 பாகை வரை விரியும் வகையாக இருந்தால், இறக்கையின் விளிம்பு அதற்குள் விழுகிறதா என்று பாருங்கள். மேலும் கூரையிலிருந்து மேசை முன் அமர்பவரின் மார்பு சாய்வாகத்தான் தெரியும். ஆகையால் நாற்காலிச் சோதனையோடு மேசைச் சோதனையையும் மீண்டும் செய்ய வேண்டும். ஆணி அடிப்பதற்கு முன்பு ஒட்டும் பட்டையில் தற்காலிகமாக நிறுத்தி, விசிறி ஓடும் ஓர் இரவைக் கடத்திவிடுங்கள். அதுவரை மற்ற நான்கு அறைகளுக்கான கொள்முதலைத் தள்ளிவையுங்கள்.